கப்பல் ஏறியவர்களின் காகிதம்



வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்’ என்ற பேச்சு அடிபடும். பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் ‘புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ்’ என்ற அதிகாரியிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். இப்போது நடப்பில் உள்ள சட்டம் 1983-ஆம் ஆண்டினது. ஆனால் அந்தப் பதவியின் பெயர் அதைவிடக் கிழடு. மொரீஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றிய காலத்தில் பிரிட்டிஷார் வைத்த பெயர் அது.

அதே ஏற்றுமதி நம்ம புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர் கையால் நடந்தது. அதன் சோகத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் கட்டியே காலம் தள்ளிய எனக்கு, அதன் காகித வேலையைப் பார்ப்பதில்தான் ஆர்வம். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினார்கள்?

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரெயூனியன், குவாதெலூப், மார்த்தினிக் தீவுகளில் சர்க்கரைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். ரெயூனியனுக்கு (அப்போது அதற்குப் புர்போன் என்று பெயர்) 1828-ஐ ஒட்டியே கொஞ்சம் பேர் போயிருந்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. 1852-இல் பாரிஸ் இதற்கென்று அரசாணைகள் போட்டது. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த வருஷம் டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அதே கப்பல் குவாதெலூப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு இந்தியா என்பது எத்தனை பெரிய நிலம்? புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிழிந்த துணியைத் தரையில் போட்ட மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பவன் வரப்பைத் தாண்டினால் பிரிட்டிஷ் எல்லை. காரைக்காலைச் சுற்றி முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லா. கப்பலை நிரப்ப நம் ஊர் ஜனம் போதாது. ஆகவே மேஸ்திரிகள் தஞ்சாவூரிலும் தென்னாற்காட்டிலும் ஆள் பிடித்து, எல்லை தாண்டி அழைத்து வந்து டெப்போவில் வைத்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் தன் குடிகள் பிரெஞ்சுக் காலனிகளுக்குப் போவதை அப்போது அனுமதிக்கவில்லை. ஆசை காட்டியும் பொய் சொல்லியும் ஆட்களைக் கடத்துகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன.

கடைசியில் இரண்டு அரசுகளும் 1861 ஜூலை 1-ஆம் தேதி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் எடுக்கப் பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி. பதிலுக்குப் பிரிட்டிஷ் அதிகாரியின் மேற்பார்வை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரிட்டிஷ் கான்சுலர் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். அவர் திருப்தி அடையாமல் ஒருவரையும் கப்பலேற்றக் கூடாது.

எதில் திருப்தி? இந்த ஷரத்தை எழுதியவர் யாரோ, கைதேர்ந்த எழுத்தர்தான் என்பேன். போகிறவன் பிரிட்டிஷ் குடியாக இருந்தால், அவன் தன் விருப்பப்படி போகிறான், கொந்த்ராவில் என்ன இருக்கிறது என்று அறிவான், எந்த ஊருக்குப் போகிறான், பயணம் ஏறக்குறைய எத்தனை நாள், என்ன சலுகை கிடைக்கும் என்றெல்லாம் முழுதாகத் தெரிந்திருக்கிறான் என்று ஏஜெண்ட் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்றைக்குத் துபாய்க்குப் போகிற ஆளிடம் இத்தனை கேள்வி கேட்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மற்ற ஷரத்துகளும் மோசமில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் கொந்த்ரா கிடையாது. வாரத்தில் ஆறு நாள். நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கெடு முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பும் உரிமை. ஒவ்வொரு கப்பலிலும் பெண்கள் கால் பங்காவது இருக்க வேண்டும். அது பிறகு மூன்றில் ஒன்றாகவும் அப்புறம் பாதியாகவும் உயர வேண்டும். குவாதெலூப் போகிறவனுக்கு மாதம் 12½ ஃபிராங்க், பெண்ணுக்கு 10.

ஆனால் ஃபைல் பார்த்துப் பழகியவன் முதல் வரியைப் படித்ததும் அடுத்த வரியில் ‘எனினும்’ எங்கே என்று தேடுவான். இங்கேயும் இருக்கிறது. லீவு நாளில் மாட்டைக் கவனிப்பதும் அன்றாட அவசியக் காரியங்களும் ‘வேலை’யில் சேராது. இன்னொன்று, தன் இஷ்டத்துக்கு வேலைக்கு வராத நாட்களை ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்துக் கழிக்க வேண்டும். எந்த நாள் வந்தான், எந்த நாள் வரவில்லை என்ற கணக்கு யாரிடம் இருக்கும்? தோட்டத்து நோட்டில். அந்த நோட்டை எழுதியவன் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவன். ஐந்து வருஷக் கொந்த்ரா எப்படி ஆறாகும், ஏழாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஏஜெண்டின் மேசைக்கு வருவோம். மூன்று தரப்பு அங்கே. கேட்கிற வெள்ளைக்காரர், நடுவில் துபாஷி, எதிரே வரிசையில் நிற்பவர்கள். குவாதெலூப் என்பதைத் துபாஷி தமிழில் எப்படிச் சொல்லியிருப்பார்? ரெயூனியனுக்கு ஒரு மாதம் போலப் பயணம்; குவாதெலூப்புக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதம். தண்ணீரில் மூன்று மாதம் என்றால் அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? அதைவிட முக்கியம் முன்பணம். டெப்போவுக்குள் வந்தவன் அட்வான்ஸ் வாங்கியிருப்பான். ஒரு பங்கு மேஸ்திரிக்குப் போயிருக்கும், மீதி வீட்டுக் கடனுக்கோ வயிற்றுக்கோ. வாங்கின பணம் செலவழிந்த பிறகு, ‘உன் விருப்பப்படி போகிறாயா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? ‘ஆமாம் சாமி.’ படிவத்தில் அந்த ‘ஆமாம்’ ஏறிவிட்டது. அதைச் சொல்ல வைத்த கடனுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

அந்தப் படிவத்தை வெறும் நாடகம் என்றும் நான் தள்ளமாட்டேன். பயந்து போய் ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்த ஒருவனுக்கு அந்த மேசைதான் கடைசி வாசல். அதைத் தாண்டினால் கரை, அலை, சலங்குப் படகு. புதுச்சேரியில் துறைமுகம் ஏது? 1866-இல் இரும்புப் பாலம் கட்டும் வரை கப்பலுக்குப் போவதென்றால் சலங்கில் அலையைத் தாண்டித்தான் போக வேண்டும். (1952 புயலில் போன பாலம் அதுதான். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.)

அங்கே போய் இறங்கியதும் இமிகிரேஷன் அலுவலகத்தில் ஒரு நம்பர், ‘மத்ரிக்யூல்’. கையில் ‘லிவ்ரே’ என்ற சிறு புத்தகம். அது இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே திரிந்தால் நாடோடி என்று பிடித்துப் போடுவார்கள். இப்படிக் குவாதெலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர் போனார்கள். ரெயூனியனுக்கு அதைவிட அதிகம். அங்கே நடந்த கொடுமைகளை விசாரிக்க 1877-இல் இரு அரசுகளும் கூட்டுக் கமிஷன் அனுப்பின. பிரிட்டிஷ் தரப்பில் ஜெனரல் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்பில் மியோ. 1882-இல் ரெயூனியனுக்கும், 1888-இல் அண்டிலிஸ் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை பிரிட்டிஷார் நிறுத்தினார்கள்.

அத்தோடு ஃபைல் மூடப்பட்டதா என்றால் இல்லை. 1861 ஒப்பந்தம் போனவர்களைப் பிரிட்டிஷ் குடிகள் என்று பாதுகாத்தது அல்லவா? அதே வரி அவர்கள் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பியது. குவாதெலூப்பிலேயே பிறந்து, பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்களை, ‘உன் அப்பன் பிரிட்டிஷ் குடி, உனக்கு இங்கே ஓட்டு இல்லை’ என்றார்கள். கப்பெஸ்தேர் ஊரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் இதை எதிர்த்துக் கிளம்பினார். வழக்கும் மனுவுமாக ஏறத்தாழ இருபது வருஷம். 1923-இல்தான் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியானது. இத்தனைக்கும் இங்கே நம் புதுச்சேரி ஜனங்கள் 1871 முதல் பாரிஸ் சட்டசபைக்கு உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு இந்தப்பக்கம் பிறந்தவனுக்கு ஓட்டு. அந்தப்பக்கம் பிறந்து இதே கடற்கரையிலிருந்து கப்பலேறியவன் மகனுக்கு இல்லை.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத்தர் காதில் விழுந்ததுதான் குடும்பப் பெயர் ஆனது. ஆனால் அவர் கண்டபடி எழுதவில்லை, பிரெஞ்சு இலக்கணப்படிதான் எழுதினார். ராமசாமிக்கு இரண்டு ‘எஸ்’, ஏனென்றால் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் பிரெஞ்சில் அது ‘இசட்’ ஆகிவிடும். முத்துசாமியின் ‘மு’வுக்கு ‘ஓ’வும் ‘யு’வும் சேர வேண்டும். நம்ம எத்தா சிவில் பதிவுகளிலும் அதே எழுத்துமுறைதான். அதனால்தான் ரெயூனியன்காரர் பாஸ்போர்ட்டை நீட்டினால் இங்கே நாங்கள் தடுமாறாமல் படித்துவிடுவோம். சென்னையில் உள்ள அதிகாரி திணறுவார்.

நான் வேலையில் இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பிறகும், முப்பாட்டன் ஊரைத் தேடிக்கொண்டு இப்படிச் சிலர் வந்ததுண்டு. பிரெஞ்சு தெரிந்த கிளார்க் என்று யாராவது என்னிடம் அனுப்பிவைப்பார்கள். குவாதெலூப்பிலிருந்து வந்த ஒரு மதாம், ஓய்வு பெற்ற டீச்சர், மத்ரிக்யூல் பதிவின் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். ஊர் என்ற கட்டத்தில் ‘காரைக்கால்’ என்று இருந்தது. கப்பலேறிய துறையையே ஊராக எழுதி முடித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தக் கிராமமாகவும் இருக்கலாம் என்று சொன்னேன். தகப்பன் பெயர் கட்டம் காலி. வயது 22. கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது கன்னத்தில் மச்சம். “மெஸ்யே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்” என்றார். படித்தேன்.