அக்கா போட்ட மனு: வேலை விசாவும் உடன்பிறப்பு வரிசையும்

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரில் பிறந்த ஓர் அக்காவையும் தம்பியையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை மனிதர்கள். அவர்களைச் சுற்றியுள்ள சட்டமும் வரிசையும் கற்பனையல்ல. அக்கா கல்யாணமாகி அமெரிக்கா போகிறார். கணவரின் வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைக்கிறது. ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமை. 2006-இல் தம்பிக்காக ஐ-130 என்ற மனுவைப் போடுகிறார். தம்பிக்கு அப்போது 30 வயது; 4 வயதில் ஒரு மகள், 1 வயதில் ஒரு மகன். 2025-இல் மாதந்தோறும் வெளிவந்த விசா அறிவிக்கைகள் இந்தியாவுக்கான உடன்பிறப்பு வரிசையில் 2006-ஆம் ஆண்டு மனுக்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆண்டில் தம்பிக்கு 49. மகளுக்கு 23.

‘அக்கா ஃபைல் பண்ணியிருக்கு, டேட் வரணும்’ என்று ஊரில் சொல்கிறபோது, அந்தத் தேதியை ஒரு காணி நிலம்போலப் பேசுகிறார்கள். இன்று விளையாவிட்டாலும் பத்திரம் இருக்கிறது, நமக்கு இல்லையென்றாலும் பிள்ளைகளுக்கு ஆகும் என்ற நினைப்பு. அந்த நினைப்பு தவறு என்பதே என் வாதம். மனுப் போட்ட நாள்தான் முன்னுரிமைத் தேதி; உடன்பிறப்பு மனுவின் அந்தத் தேதி வாரிசுக்குப் போகாது. வேலை விசாவில் அந்த நாட்டிலேயே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் அதை வேறு வரிசைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லை. இந்த வகையை ஒழிக்க வேண்டும் என்போரும் காக்க வேண்டும் என்போரும் இந்த இடத்தைக் கவனிப்பதேயில்லை.

வரிசை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1946-இல் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். 1965 அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் கையெழுத்திட்ட சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டைத் துடைத்துவிட்டுக் குடும்ப உறவை முன்னே வைத்தது. குடியுரிமை பெற்றவரின் உடன்பிறந்தாருக்கு ஐந்தாம் முன்னுரிமையில் 24 விழுக்காடு இடம் கிடைத்தது. தொழில்திறனை முதலில் வைக்க அரசு விரும்பியது. ஒஹையோவின் கீழவை உறுப்பினர் மைக்கேல் ஃபீகன் குடும்பம்தான் முதலில் என்று பிடிவாதம் பிடித்தார். அமெரிக்காவில் சொந்தக்காரர் இருப்பது ஐரோப்பிய வழியினருக்குத்தான், ஆகவே உறவை அளவுகோலாக வைத்தால் நாட்டின் நிறம் மாறாது என்பது அந்தப் பிடிவாதத்தின் உட்கணக்கு. ஆசியாவிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் முதலில் திறமை வழியில் நுழைந்து, பின் குடியுரிமை பெற்று, அண்ணன் தம்பிகளை அழைக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. அந்தச் சட்டத்துக்கு ‘சகோதர சகோதரிகள் சட்டம்’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

1990 நவம்பர் 29 அன்று கையெழுத்தான சட்டம் இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. உடன்பிறப்பு வகை நான்காம் முன்னுரிமை ஆனது; எஃப்-4 என்று பெயர்; ஆண்டுக்கு 65,000 இடம். அதே சட்டம்தான் எச்-1பி என்ற வேலை விசாவையும் உண்டாக்கியது. அதற்கும் தொடக்க உச்சவரம்பு 65,000. ஒரே நாளில், ஒரே எண்ணோடு பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று இவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை.

அந்த 65,000-ஐ 65,000 தம்பிகள் என்று படித்துவிடக் கூடாது. தம்பி, அவர் மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு இடம் கழிகிறது. எல்லாம் நால்வர் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், உலகம் முழுவதுக்குமாக ஆண்டுக்கு 16,250 குடும்பங்கள்தான். எந்த நாடும் மொத்தக் குடியேற்ற இடங்களில் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வேறு. காத்திருப்போர் 20 லட்சத்துக்கும் மேல்.

இப்போது வேலை விசாவுக்கு வருவோம். நம் தம்பி காந்திகிராமத்தில் படித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, அந்த வழியாக எச்-1பி-யில் அமெரிக்கா போய்விட்டார் என்று கதையைச் சற்று மாற்றுவோம். அக்காவின் மனு அவருடைய வேலை விசாவைக் கெடுக்காது. பெரும்பாலான தற்காலிக விசாக்களுக்கு ‘திரும்பிப் போகும் எண்ணம்’ கட்டாயம்; எச்-1பி-க்கு 1990 சட்டம் அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. தற்காலிகமாக வந்தவர் நிரந்தரமாகத் தங்க ஆசைப்படலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

அனுகூலம் அதோடு சரி. எச்-1பி-யின் காலம் ஆறு ஆண்டு. அதற்கு மேல் நீட்டிக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி செய்தது. ஆனால் நிறுவனம் தொடங்கிய வேலைவழிக் குடியேற்ற நடவடிக்கைக்கு மட்டும். அக்காவின் மனு பதினைந்து ஆண்டாகக் கிடப்பில் இருந்தாலும் அதைக் காட்டி ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்க முடியாது. நிறுவனம் மனுப் போடவில்லை என்றால் ஆறாவது ஆண்டு முடிவில் பெட்டி கட்ட வேண்டியதுதான். வேலைவழி விண்ணப்பதாரருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட இருப்பில் 180 நாள்வரை ஏற்பட்ட பிசகை மன்னிக்கும் ஒரு பிரிவு உண்டு. உடன்பிறப்பு வழியில் வருபவருக்கு அது பொருந்தாது. வேலைவழி மனு ஒன்றிலிருந்து இன்னொரு வேலைவழி மனுவுக்குப் பழைய தேதியைக் கொண்டுபோகலாம். அக்கா வாங்கிக் கொடுத்த 2006-ஐ அங்கே கொண்டுபோக முடியாது. 2025-இல் இந்தியாவுக்கான இரண்டாம் வேலைவழி வரிசை 2012, 2013-இல் ஊர்ந்துகொண்டிருந்தது. கையில் 2006 இருந்தும் 2013-இன் வரிசையில் நிற்பவர் நம் தம்பி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஊரில் பலர் அறியாதது. மனுப் போட்டவர் இறந்துவிட்டால் மனுவும் செத்துப்போகும் என்பது பொது விதி. மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கலாம், அது அதிகாரியின் விருப்பம். 2009-இல் சேர்ந்த ஒரு பிரிவின்படி, மனு யாருக்காகவோ அவர் அந்த மரணத்தின்போது அமெரிக்காவில் வசித்துக்கொண்டிருந்தால் மனு தொடரலாம். இருபது ஆண்டு வரிசையில் அக்காவுக்கு வயது 60, 70 ஆகிறபோது இது ஏட்டுச்சுரைக்காய் இல்லை. ஆத்தூரில் இருக்கும் தம்பியின் தேதி அக்காவின் உயிரோடு கட்டியிருக்கிறது. வேலை விசாவில் அங்கே இருக்கும் தம்பியின் தேதி அப்படி இல்லை.

உடன்பிறந்தவர் என்றால் யார்? சட்டத்துக்குப் பொதுவான தாயோ தந்தையோ ஒருவராவது வேண்டும். ஆத்தூரிலோ சின்னாளபட்டியிலோ பெரியப்பா மகன் அண்ணன்தான். சித்தி மகள் தங்கைதான். அவளைக் கட்டிக்கொள்ள முடியாது. மாமன் மகளைக் கட்டிக்கொள்ளலாம். லூயி தூமோன் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடம் களப்பணி செய்த மானிடவியலாளர். திராவிட உறவுச் சொற்களின் இந்த வகைப்பாட்டைத் திருமண விதியின் வெளிப்பாடாக 1953-இல் விளக்கினார். அவருக்கும் முன்னால் இதைக் கண்டவர் ஓர் அமெரிக்க வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரைச் சேர்ந்த லூயிஸ் ஹென்றி மார்கன், 1871-இல் வெளிவந்த தம் பெருநூலில், தமிழரின் உறவுமுறையும் தம் பக்கத்து ஊர் செனகா இரோக்குவா மக்களின் உறவுமுறையும் ஒத்துப்போவதை வியந்து எழுதினார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாக்களே, அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்புகளே. அமெரிக்க மண்ணின் மூத்த குடிகளுக்குப் புரிந்த அண்ணன், அமெரிக்கச் சட்டத்துக்குப் புரியாத அண்ணன்.

சட்டம் எல்லாச் சமூகத்தின் உறவுமுறையையும் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பவரும் தம் உறவை நிரூபிக்கத் திண்டாடுகிறார் என்பதே என் கவலை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்பும், பின்னர் பல ஆண்டுகளும், கிராமத்து வீடுகளில் மருத்துவச்சி பார்த்த பிரசவங்கள் பல பதிவேறவில்லை. ஏறியவற்றிலும் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. தாயின் பெயர் ஒரு சான்றிதழில் வீட்டுப் பெயராகவும் இன்னொன்றில் ரேஷன் கார்டுப் பெயராகவும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள் மாற்றுச் சான்றிதழில் இருக்கும். அக்காவின் தலைப்பெழுத்து கல்யாணத்தோடு மாறியிருக்கும். குடும்பப்பெயர் இல்லாத நம் வழக்கத்தால் கடவுச்சீட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் கடைசியில் வரும்; இன்னொருவருக்கு ஒரே பெயர்தான், அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்று அச்சாகும். பதிவு இல்லை என்ற சான்று, மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரம், பள்ளிச் சான்று என்று ஒரு கட்டுச் சேர்த்தால்தான் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது காகிதத்தில் நிற்கும்.

ஒரு வயிற்றில் பிறந்தும் இரண்டு நாட்டுக் கணக்கில் போகிறவர்கள் உண்டு. இடத்தை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது என்பதைக் குடியுரிமை தீர்மானிப்பதில்லை. பிறந்த மண் தீர்மானிக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலையில் குடியேறினார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் மூத்தவள் ஹட்டனில் பிறந்தவள், இளையவன் இங்கே வந்தபின் பிறந்தவன் என்றால், இருவரும் இந்தியக் குடிமக்களே ஆனாலும் அமெரிக்கக் கணக்கில் அவள் இலங்கை, அவன் இந்தியா. உடன்பிறப்பு வரிசையில் இதனால் ஓரிரண்டு ஆண்டுதான் வேறுபாடு. வேலைவழி வரிசையில் பத்தாண்டு. 2025-இல் இந்தியாவுக்கு 2013-ஐ எட்டிய வரிசை, இலங்கை உள்ளிட்ட பிற நாடுகளுக்கு 2023-இல் இருந்தது. ஹட்டனில் பிறந்த பெண்ணைக் கட்டிய ஆத்தூர்க்காரர் மனைவியின் பிறப்பிடத்தைத் தம் கணக்காக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. லயத்துக் காம்பராவில் பிறந்ததற்காக நாடிழந்த ஒரு தலைமுறையின் பிறப்புச் சான்று, கலிபோர்னியாவில் பத்தாண்டு பெறும். வரலாறு இப்படியெல்லாம் வட்டி கொடுக்கும் என்று கொழும்பிலும் தில்லியிலும் பேனா பிடித்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இனி பிள்ளைகள். தம்பி 49 வயதில் பிழைப்புத் தேடிப் போவதற்காக யாரும் இருபதாண்டு காப்பதில்லை, பிள்ளைகளுக்காகக் காக்கிறார்கள். 21 வயதானால் பிள்ளை என்ற தகுதி போய்விடும். 2002-இல் வந்த குழந்தைத் தகுதிப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தணிப்புச் செய்தது. முறை வரும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, மனு அலுவலகத்தில் தீர்மானமாகாமல் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். நம் மகளுக்கு 23. அலுவலகம் மனுவை ஏற்க நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டிருந்தால் சட்டப்படி 19; போகலாம். சுறுசுறுப்பாக ஓராண்டில் ஏற்றிருந்தால் 22; போக முடியாது. வரிசையில் காத்த பதினைந்து இருபது ஆண்டு கழிவில் சேராது, மேசையில் தூங்கிய காலம் சேரும். குமாஸ்தாவின் மெத்தனம் ஒரு குடும்பத்துக்கு வரமாகும் சட்டத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கழித்தும் 21 தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோரின் பழைய தேதியாவது கிடைக்குமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2014 ஜூனில், குவெயார் தெ ஒசோரியோ வழக்கில், உடன்பிறப்பு மனுவின் வழிவந்த பிள்ளைகளுக்கு அது இல்லை என்று முடிவானது. தம்பி போய்ச் சேர்ந்து, மகளுக்காகப் புது மனுப் போட்டு, அவள் புது வரிசையின் வாலில் நிற்க வேண்டும். இருபதாண்டு காத்த தேதி அவள் கைக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அமெரிக்க அரசியலில் புழங்கும் ‘சங்கிலிக் குடியேற்றம்’ என்ற வசைச்சொல் கணக்கில் நிற்கவில்லை. ஆத்தூர் அக்கா வேலைவழியில் நுழைந்து குடியுரிமை பெறுவதற்கு இன்றைய வரிசையில் இருபது ஆண்டுக்குக் குறையாது. பிறகு தம்பிக்கு இருபது. இரண்டு கண்ணி கோக்க நாற்பதாண்டு ஆகும் சங்கிலி எந்தப் பொற்கொல்லரிடமும் கிடையாது. ஆனாலும் 1995-இல் பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணையம் இந்த வகையை நீக்கச் சொன்னது. 2013-இல் செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய மசோதாவிலும் நீக்கம் இருந்தது, கீழவை எடுத்துக்கொள்ளவில்லை. கனடாவில் வயதுவந்த உடன்பிறந்தாருக்கு மனுப் போடவே பொதுவாக வழியில்லை. அங்கே அண்ணனோ அக்காவோ இருந்தால் வேலைத்திறன் தரவரிசையின் 1,200 புள்ளியில் 15 கூடும், 2017 முதல். சிறு எண்தான். ஆனால் உறவும் உழைப்பும் ஒரே தராசில் ஏறுவதால், வேலை அனுமதியில் டொராண்டோவில் இருக்கும் தம்பிக்கு அக்கா இருப்பது அன்றைக்கே பயன்படுகிறது. அமெரிக்கா எஃப்-4-ஐ ஒழிப்பதைவிட, அதன் தேதியை வேலைவழி வரிசைக்கும் வயது தாண்டிய பிள்ளைக்கும் மாற்ற விடுவது நியாயம் என்பேன். புதிதாக ஓர் இடம்கூடத் தேவையில்லை. யார் எங்கே நிற்பது என்பது மட்டும் மாறும். அதனால் பின்தள்ளப்படுவோர் எதிர்ப்பார்கள், அதுவும் நியாயமே.

மனுவால் வரும் இன்னொரு வினையும் இருக்கிறது. ஊரிலேயே இருக்கும் தம்பி, அக்கா மகனுக்கு அமெரிக்காவில் வைத்துக் காது குத்துகிறார்கள், தாய்மாமன் மடி வேண்டும் என்று சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டதுண்டா என்று படிவம் கேட்கிறது. ‘இல்லை’ என்று எழுதினால் பொய். வாழ்நாள் தடைவரை போகும். ‘ஆம்’ என்றால் திரும்பி வரமாட்டார் என்று அதிகாரி எண்ண ஒரு காரணம் கிடைக்கிறது. தம்பியை அழைக்க அக்கா போட்ட மனுவே தம்பியை வாசலில் நிறுத்திவிடலாம். அதனால் காதுகுத்து ஆத்தூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கே வருகிறது. விமானம் ஏறி வருபவர் அக்கா. குடியுரிமை பெற்றவர் என்பதால் அவருக்குத் திரும்பிப் போவதில் சிக்கல் இல்லை.