முற்பகலில் பாடிய மாலைச் செபம்

கத்தோலிக்கக் குருக்கள் அன்றாடம் சொல்லும் பிரேவியரி என்ற லத்தீன் செபப் புத்தகத்தின் பழைய பதிப்புகளில் ஓர் ஒழுங்கு உண்டு. தவக்காலத்தில், ஞாயிறு தவிர மற்ற நாள்களில், மாலைச் செபத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே பாடிவிட வேண்டும். சாப்பாடோ நண்பகலில். ஆகவே ஐரோப்பிய மடங்களிலும் பேராலயங்களிலும் வெயில் உச்சிக்கு ஏறுமுன்பே மாலைச் செபம் முடிந்துவிடும். பொழுது சாயும்போது சொல்லவேண்டிய செபத்தை ஏன் முற்பகலில் பாடினார்கள்? விதி காரணம் சொல்வதில்லை. தவக்கால ஒருசந்தியை, அதாவது நாளுக்கு ஒரே வேளை உண்ணும் நோன்பைப் பற்றிய என் தேடல் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

தவக்கால வரலாறு என்றதும் நாம் தேடுவது உணவுப் பட்டியலைத்தான். இறைச்சி கூடாது, முட்டை, பால், வெண்ணெய் கூடாது, மீன் ஆகும். சுத்தபோசனம் எனப்படும் இந்தத் தவிர்ப்பின் தடத்தில் கதைகள் ஏராளம். வெண்ணெய் சாப்பிட அனுமதி பெற்றவர்கள் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்று பிரான்ஸின் ருவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கே ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று பேர். ஆனால் எந்தப் பண்டம் ஆகும், எது ஆகாது என்று எவ்வளவு புரட்டினாலும் பிரேவியரியின் புதிர் அவிழவில்லை. அது கேட்பது உண்ணும் வேளையை. பழைய ஏடுகளை அந்த ஒரு கேள்வியோடு மறுபடி வாசித்தபோதுதான் தடம் தெளிந்தது.

முதல் சாட்சி 6ஆம் நூற்றாண்டின் புனித பெனடிக்ட். அவருடைய மட ஒழுங்கின் 41ஆம் அதிகாரம், தவக்காலம் தொடங்கிப் பாஸ்கா (ஈஸ்டர்) வரை மாலைச் செபத்துக்குப் பிறகே உணவு என்கிறது. நாளுக்கு ஒரே வேளை, அதுவும் பொழுது இறங்கிய பின். கூடவே இன்னொன்றும் சொல்கிறது: விளக்கேற்றத் தேவையில்லாதபடி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட வேண்டும். மாலைச் செபம் முன்னே நகர்வதற்கான முதல் இடம் இங்கேயே திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த சாட்சி, 800ஆம் ஆண்டை ஒட்டி ஆர்லியான் ஆயராக இருந்த தியோடல்ஃப். பிற்பகல் மூன்று மணிச் செபத்துக்கு மணி அடித்ததுமே உண்ண உட்காருபவர்களை அவர் கண்டிக்கிறார். அது ஒருசந்தியே ஆகாது என்கிறார். பூசை கண்டு, மாலைச் செபம் கேட்டு, ஏழைகளுக்குத் தருமம் செய்தபின்தான் உண்ண வேண்டும். கண்டனம் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அந்தப் பழக்கம் அவர் கண்முன்னே இருந்தது என்று பொருள். தடை எழுதிய ஏடுதான் மக்களின் நடப்பை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

13ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது அந்த மூன்று மணியே முறையான நேரம் ஆகிவிட்டது. புனித தாமஸ் அக்வினாஸ் அதை ஏற்று, இயேசு சிலுவையில் உயிர்விட்ட வேளை அதுதானே என்று காரணமும் தருகிறார். ஆனால் அதே நூற்றாண்டின் பிரான்சிஸ்கன் அறிஞர் ரிச்சர்ட் ஆஃப் மிடில்டன், நண்பகலில் உண்பவரும் ஒருசந்தியை மீறியவர் அல்லர், பல ஊர்களில் அதுவே வழக்கம் என்று எழுதிவிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் நண்பகல் உணவு துறவிகளிடமும் நிலைத்துவிட்டது.

புதிர் இங்கே அவிழ்கிறது. ‘மாலைச் செபத்துக்குப் பிறகே உணவு’ என்ற கட்டளையை யாரும் அழிக்கவில்லை. உணவு முன்னே வர வர, செபத்தையும் அதற்கு முன்னால் இழுத்து வைத்தார்கள். வண்டி போகிற பக்கமெல்லாம் தடமும் கூடவே போவதுபோல. இதைப் போலித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பசி தாங்காத மனிதர்கள் கட்டளையைக் கைவிட மனமில்லாமல் செய்த காரியம் அது. ஆனாலும் இழப்பு பெரியது. பண்டங்களைத் தவிர்ப்பது அந்த ஒருசந்தியின் பாதிதான். பகல் முழுதும் காத்திருப்பதே அதன் உயிர். நண்பகலில் உண்டவனுக்கு இரவு பசிக்கும் அல்லவா? அதனால் மாலையில் சிறு பலகாரமும் வந்து சேர்ந்தது. 817இல் ஆகனில் கூடிய மடாதிபதிகள், வேலையால் களைத்த துறவிகள் மாலை வாசகத்துக்கு முன் ஏதாவது பருகலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். பின்னாளில் அந்த வேளையில் ரொட்டியும் சேர்ந்துகொண்டது.

பாஸ்காவுக்கு முந்தைய நாளான பெரிய சனியின் கதையும் இதுதான். இரவில் நடக்கவேண்டிய பாஸ்கா திருவிழிப்பைக் காலையில் நடத்தினார்கள். இரவின் மகிமையைப் பாடும் பாஸ்கா புகழுரையைத் திருத்தொண்டர் பட்டப்பகலில் பாடினார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தவக்கால ஒருசந்தி பெரிய சனி நண்பகலோடு முடிகிறது என்றே எழுதியது. அதே தொகுப்பின் 1251ஆம் சட்டத்தில், பகல் உணவையும் மாலைப் பலகாரத்தையும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. அதைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது. பெனடிக்ட் கட்டளையாக வைத்த மாலை உணவு, பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து அங்கே சலுகையாக நிற்கிறது.

பிறகு செபங்கள் தம் வேளைக்குத் திரும்பின. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பாஸ்கா திருவிழிப்பைச் சோதனையாக இரவுக்கு மாற்றினார். 1955ஆம் ஆண்டு ஆணையால் அது எங்கும் கட்டாயமானது, பெரிய சனியின் ஒருசந்தியும் நள்ளிரவு வரை நீண்டது. 1960இல் இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட வழிபாட்டு விதிகள், தவக்காலத்திலும் மாலைச் செபத்தைப் பிற்பகலில்தான் பாடவேண்டும் என்றன. 1966 பிப்ரவரி 17இல் ஆறாம் பவுல் வெளியிட்ட ‘பெனித்தேமினி’ ஆணை, திருச்சபை முழுமைக்குமான ஒருசந்தியை விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்களாகச் சுருக்கியது. வயிறார ஒரு வேளை. காலையிலும் மாலையிலும் ஊர் வழக்கப்படி சிறிது உணவு. அந்த ஒரு வேளை எந்த மணிக்கு என்று ஆணையில் இல்லை.