தூக்க முடியாத தாழி

இலங்கையின் கிழக்கே, கொட்டியாரக்குடாவின் தெற்கே உள்ள சம்பூர் 2006 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெறுமையானது. அதன் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் படிப்படியாக மக்களிடம் திரும்பின. உயிர் தப்ப ஓடுகிற குடும்பம் பிள்ளைகளையும் ஒன்றிரண்டு உரப்பைகளையும் தூக்கும். பெரிய மண்தாழியைத் தூக்காது. அசையாமல் ஓரிடத்தில் இருப்பதே தாழியின் இயல்பு. அந்த இயல்பிலிருந்தே அதன் சமூக வரலாறும் பிறக்கிறது: ஒரு வீடு, அதன் மண், அதன் குயவர் ஆகிய மூன்றையும் கட்டிப்போட்ட பாண்டம் அது.

பெருந்தாழியை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய முடியாது. உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை எழுப்ப வேண்டும். கீழ்ப்பகுதி சற்று இறுகிய பிறகே மேல்பகுதி ஏறும். சுட்டெடுத்ததை மேடுபள்ள வழியில் நெடுந்தூரம் வண்டியேற்றினால் விரிசல் விடும். ஆகவே களிமண்ணும் குயவரும் அருகில் இருந்தாக வேண்டும். இறந்த கணவனோடு தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் வேண்டுவது ஊர்க் குயவரிடம்தான். பழனி அருகே பொருந்தலில் தொல்லியலாளர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழியில் வைத்த சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 அளவு. இலங்கையின் மேற்கே பொம்பரிப்பிலும் இறந்தவர்களைத் தாழியில் அடக்கினார்கள். விளைச்சலையும் முன்னோரையும் மண்பாண்டத்தில் மண்ணுக்குள் வைத்தவர்கள், அந்த மண்ணை விட்டுப் போக எண்ணியவர்கள் அல்லர். ஆனால் குயவருக்கும் ஊருக்குமான பிணைப்பு சமமான உறவாக இருக்கவில்லை. 1660இல் இதே கொட்டியாரக் கரையில் பிடிபட்ட ஆங்கிலக் கப்பலோட்டி ரொபட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் குயவர்கள் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டதை 1681இல் வெளியான தன் நூலில் பதிவுசெய்தார். ஆனால் பானை செய்பவர்கள் என்பதால், உயர்ந்தோர் வீட்டு மூக்குச்செம்பைத் தாங்களே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும் உரிமை தாழ்ந்த படியினருள் அவர்களுக்கு மட்டும் இருந்தது. தாழ்த்திய சமூகமே அவர்கள் கையை நம்பியிருந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சாடிகள் கடல் கடந்தனவே என்று கேட்கலாம். பர்மாவின் மார்த்தபான் சாடிகள் ஊறுகாயும் மிளகும் சுமந்து இந்துமாக்கடல் முழுதும் போனது உண்மை. ஆனால் அவை போனது கப்பலின் வயிற்றில். கரையிறங்கியபின் போர்னியோவில் தலைமுறைச் சொத்தாக வீட்டிலேயே நின்றுவிட்டன. தாழியை ஒழித்தது பிளாஸ்டிக் பரல்தான், போரல்ல என்பது இன்னொரு மறுப்பு. விலையும் எடையும் பரலுக்குச் சாதகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத வீட்டுக்குப் பரலின் இலேசு வெறும் வசதியல்ல, பாதுகாப்பு. ஒரு வீடு மறுபடியும் தூக்க முடியாத பாண்டமொன்றை வாங்கி வைக்கத் துணியும் நாளில்தான், திரும்பி வந்தவர்கள் குடியேறிவிட்டார்கள் என்று சொல்லலாம்.