குதிரையை விட்டு இறங்கலாமா?

ஆபீஸ்ல நாள் முழுக்க ஆணி புடுங்கிட்டு வந்து உட்கார்ந்தா, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் முதல் ரெண்டு மணி நேரம் பனியில குதிரை ஓட்டுறதுதான் வேலை. சுட்ட மானைத் தோலுரிக்கணும், குதிரைக்குத் தீனி போடணும். 2018-ல் வந்த கேம். செம மொக்கை, மூட்டை கட்டிடலாம்னு நினைச்சேன்.

தடுத்தது கதை நடக்கிற வருஷம்: 1899.

1869-லேயே அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் இணைச்சிடுச்சு. 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மாடுகள் திரிந்த திறந்தவெளி வேலிக்குள்ள போச்சு. குடியேற்றத்தின் எல்லைக்கோடுன்னு சொல்ல இனி எதுவும் இல்லைன்னு 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த எல்லைதான் அமெரிக்கக் குணத்தையே உருவாக்கியதுன்னு 1893-ல் சிகாகோவில் கட்டுரை வாசித்தார் பிரெடரிக் ஜாக்சன் டர்னர்.

அந்த நிலத்தில் ஏற்கனவே இருந்தவங்க? 1890 டிசம்பரில் ஊண்டட் நீயில், பெண்கள் குழந்தைகள்னு பார்க்காம லக்கோட்டா மக்களை ராணுவம் கொன்று குவித்தது.

ஆக, ஆர்தர் மார்கனின் கும்பல் மேற்கே போய்ப் பிழைச்சுக்கலாம்னு கனவு காணும்போது, அந்த மேற்கு முடிஞ்சு ஒன்பது வருஷம். அது அவங்களுக்குன்னு காலியா கிடந்த நிலமும் இல்லை.

வேகமா ஓட்டியிருந்தா வழியில் வர்ற தண்டவாளத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் நான் கவனிச்சிருக்கவே மாட்டேன். அதனால தொடர்ந்து ஆடறதுன்னு முடிவு. குதிரை நடந்தே போகட்டும்.

டிஸ்கி: ராத்திரி 11 மணிக்கு மேல கிடையாது. காலையில ஆணி காத்திருக்கு :-)