நடுக்குவாதமும் நடைப்பயிற்சியும்

1817-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், கைநடுக்கமும் முன்சாய்ந்த நடையும் கொண்ட ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூலைப் பிரசுரித்தார். அவர்களுள் சிலரை அவர் கண்டது தெருவிலேதான். பிற்காலத்தில் அந்நோய்க்கு அவருடைய பெயரையே சூட்டியவர், பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் வைத்தியசாலையின் பேராசிரியர் ஷார்க்கோ.

ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் குலுங்கிக்கொண்டே பிரயாணம் செய்துவந்த நோயாளிகள், இறங்கிய பின் தங்கள் உடம்பு லேசாக இருந்ததாகச் சொன்னதை அலட்சியம் செய்யாத ஷார்க்கோ, அந்த அனுபவ வாக்கையே ஆதாரமாகக் கொண்டு, மின்சாரத்தால் அதிரும் நாற்காலி ஒன்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தி, 1892-இல் அதைக் குறித்துப் பிரசங்கமும் செய்தார். அதில் அமர்ந்தெழுந்தவர்கள் அங்கங்களின் இறுக்கம் தளர்ந்ததாகவும், இரவில் நன்றாக உறங்கியதாகவும் கூறினார்கள். மறுவருஷமே அவர் காலமாகிவிட, அம்முயற்சி மங்கிப்போயிற்று.

1967-இல் லண்டன் வைத்தியர் பர்டன் மார்ட்டின் எழுதிய நூலில் மற்றோர் அற்புதம் விளக்கப்பட்டது. மூளைக்காய்ச்சலின் விளைவாக இதே நோய்க்குறிகளுக்கு ஆளாகி, நின்ற இடத்திலேயே பாதம் ஒட்டிக்கொண்டதுபோல் தவித்தவர்கள், தரையில் குறுக்கே வரையப்பட்ட கோடுகளைக் கண்டதும், ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். தானாக நிகழ வேண்டிய அசைவுக்கு மூளையின் ஆழத்திலிருந்து வரும் ஏவல் குன்றியபோதும், கண்வழி கிடைத்த குறிப்பு வேறு மார்க்கமாகக் காலை எழுப்பிவிட்டது!

அக்காலத்திலேயே வழக்கத்துக்கு வந்த லெவோடோப்பா மருந்து விறைப்பையும் மந்தத்தையும் பெரிதும் தணித்ததாயினும், தடுமாற்றத்தையும் விழுந்துவிடும் அபாயத்தையும் முற்றும் போக்கவில்லை. ஆகவே, 2001-இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், நோயாளிகளின் சங்கம் ஒன்று மார்க் மாரிஸ் நடனக் குழுவை நாடியது; நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை அலைபோல் வீசித் தொடங்கி, இசையின் தாளத்தைத் துணைக்கொண்டு எழுந்து நடக்கும் வகுப்புகள் பிறந்தன. 2012-இல் ஆரிகன் மாநில ஆராய்ச்சியாளர்கள், 195 நோயாளிகளை 24 வாரங்கள் பயிற்றிப் பரீட்சித்தபோது, உடற்பாரத்தை நிதானமாக ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றும் சீனத்துத் தைச்சி பயின்றவர்களே சமநிலையில் சிறந்து விளங்கினார்கள்.

பரிவினால் நோயாளியை ஒரு மூலையில் அமர்த்திவைப்பது பெரும் தீங்கு. எவ்வகை அசைவு தமக்கு இதமளிக்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்டு, மருந்தோடு அப்பயிற்சியையும் தக்க துணையுடன் நாள்தோறும் செய்விப்பதே, அவர்பால் அன்புடையோர் ஆற்ற வேண்டிய கடமை.