கொங்கிறீற்றும் இரும்பும்

கொங்கிறீற்று கல்லின் திண்மை வாய்ந்தது. அமுக்கும் பாரத்தை அது தாங்கும்; இழுவிசைக்கோ எளிதில் பிளந்துவிடும். இரும்பு இழுவிசையைத் தாங்க வல்லது. எனினும் துருவுக்கும் தீக்கும் இரையாவது. இரண்டையும் இணைத்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நீக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டு கண்டறிந்தது.

பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் யோசேப்பு மொனியே, செடி வளர்க்கும் சீமெந்துத் தொட்டிகள் உடையாதிருக்க அவற்றினுள் கம்பிவலை பதித்து, 1867இல் காப்புரிமை பெற்றார். 1892இல் பிரான்சுவா எனபிக்கு என்பார் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றை ஒரே உடலாக வார்க்கும் முறைக்கு உரிமை பெற்றார்.

1903இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் இரும்பு பதித்த கொங்கிறீற்றால் 16 மாடி இங்கல்சு மாளிகை எழுந்தது. அது தன் பாரத்தாலேயே சரிந்துவிடுமெனப் பலர் அஞ்சினர். நூறாண்டு கடந்தும் அது நிலைத்து நிற்கின்றது.

இதன் காரணம் யாது? வெப்பத்தால் இரும்பும் கொங்கிறீற்றும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. ஆதலின் அவை பிரிவதில்லை. சீமெந்தின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்றும் காக்கின்றது. அதன் போர்வை தீயின் வெம்மையைத் தடுக்கின்றது.

ஆயினும் அப்போர்வை மெலிந்தாலோ, உப்பேறிய மணல் கலந்தாலோ, உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றையே பிளந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் காப்பதிலேயே கட்டடத்தின் ஆயுள் தங்கியுள்ளது.