வரிமீனும் மாநிலச் சட்டங்களும்: அமெரிக்க அட்லாண்டிக் கரையில் மீன்வள மேலாண்மையின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அட்லாண்டிக் கரையில் மூன்று கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு அந்தந்த மாநிலத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மீன்பிடிப்பை நெறிப்படுத்தும் அதிகாரம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நடுவணரசுக்கு உரியதாயிற்று. இவ்வாறு பகுக்கப்பட்ட கடலில், பல மாநிலங்களைக் கடந்து செல்லும் மீனைக் காப்பவர் யார் என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. அதற்கு விடை காணச் செய்தது, ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ எனப்படும் மீனாகும். உடலின் நெடுக்கில் ஏழெட்டுக் கருங்கோடுகள் உடைமையால் அது இங்கு வரிமீன் எனச் சுட்டப்பெறுகிறது.

மீனின் இயல்பு

வரிமீன் கடலில் வாழினும் வேனிற்காலத் தொடக்கத்தில் ஆறுகளின் நன்னீர்ப் பகுதிக்கு ஏறி முட்டையிடுவது. இதற்குரிய இடங்களுள் தலையாயது மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களைச் சார்ந்த செசபீக் விரிகுடா. ஹட்சன், டெலவேர் ஆறுகள் அடுத்து நிற்பன. குஞ்சுகள் சில ஆண்டுகள் விரிகுடாவிலேயே வளர்கின்றன. பின்னர், குறிப்பாகப் பெண்மீன்கள், கோடையில் வடக்கே மெய்ன் மாநிலம் வரை சென்று குளிர்காலத்தில் தெற்கே திரும்புகின்றன. ஆண்மீன் இரண்டு மூன்று ஆண்டுகளில் முதிர்ச்சி அடைய, பெண்மீனுக்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் தேவைப்படுகின்றன. முட்டையிடும் முன்னரே பெண்மீன்கள் பிடிபடின் இனம் குன்றும் என்பது இதனால் விளங்கும். மேரிலாந்தில் பிறந்த மீன் மாசசூசெட்ஸ் தூண்டில்காரர் கையில் சிக்குவதால், ஒரு மாநிலம் காத்ததை மற்றொரு மாநிலம் அழித்துவிடவும் கூடும்.

தொடக்கக் காலச் சட்டங்கள்

குடியேற்றக் காலத்திலேயே இம்மீனின் அருமை உணரப்பட்டது. 1639இல் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம், இம்மீனையும் காட் மீனையும் நிலத்திற்கு எருவாக இடுதலைத் தடை செய்தது. 1670இல் பிளிமத் குடியேற்றம், காட் முனையின் மீன்பிடிப்பால் கிடைத்த வருவாயைக் கொண்டு பள்ளி நடத்த வகைசெய்தது. 19ஆம் நூற்றாண்டில் தூண்டில் மீன்பிடிப்பு செல்வரின் பொழுதுபோக்காயிற்று; 1864இல் மாசசூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் வரிமீனுக்கென்றே ஒரு மன்றம் அமைந்தது. 1879இலும் 1882இலும் நியூஜெர்சி ஆறுகளிலிருந்து சில நூறு மீன்கள் இரயில் வழியாகக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விடப்பட்டன. அங்கு இனம் பெருகியது. ஆயினும் 1935இல் அம்மாநிலம் வணிகப் பிடிப்பை விலக்கி, இம்மீனைத் தூண்டில்காரருக்கே உரியதாக்கியது. வலைஞருக்கும் தூண்டில்காரருக்கும் இடையிலான உரிமைப் பூசல் கிழக்குக் கரையிலும் தொடர்ந்தது.

வீழ்ச்சி

அட்லாண்டிக் கரையில் வணிகப் பிடிப்பு 1973இல் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில், 1983இல், 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. மேரிலாந்து அரசு 1954 முதல் ஆண்டுதோறும் குறிப்பிட்ட இடங்களில் கரைவலை இழுத்து, ஒரு வலைக்குச் சராசரியாக எத்தனை குஞ்சுகள் அகப்படுகின்றன எனக் கணக்கிட்டு வருகிறது. 1970இல் 30ஐ எட்டிய இக்குறியெண் 1981இல் 2ஐக்கூடத் தொடவில்லை. மிகைப் பிடிப்பே தலையாய காரணம் எனக் கருதப்பட்டது. முட்டையிடும் ஆறுகளில் சேர்ந்த மாசும் அமில மழையும் குஞ்சுகளைப் பாதித்திருக்கலாம் என்றும் ஆராயப்பட்டது. 1979இல் செனட்டர் ஜான் சாஃபி முன்னின்ற முயற்சியால் நாடாளுமன்றம் அவசர ஆய்வுக்கு ஆணையிட்டது.

ஹட்சன் ஆற்றின் நிலை வேறு வகையினது. பி.சி.பி. என்னும் வேதிப்பொருள் மீனுடலில் கலந்தமையால் அங்கு வணிகப் பிடிப்பு 1976இலேயே நிறுத்தப்பட்டது. மன்ஹாட்டன் மேற்குக் கரையின் பழைய துறைமுகத் தூண்களிடையே இளமீன்கள் குளிர்காலம் கழிப்பது கண்டறியப்பட்டதும், அப்பகுதியை நிரப்பி ‘வெஸ்ட்வே’ நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் நீதிமன்றத்தில் தடையுற்றது. 1985இல் அது கைவிடப்பட்டது. பிடிப்பைக் குறைத்தல் மட்டுமன்றி வாழிடம் காத்தலும் மீன்வள மேலாண்மையே என்பதை இந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

1984ஆம் ஆண்டுச் சட்டம்

அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் 1942 முதலே இயங்கி வந்தது. 1981இல் வரிமீனுக்கெனத் திட்டமும் வகுத்தது. ஆனால் அதன் முடிவுகள் பரிந்துரைகளாகவே நின்றன. ஏற்பதும் விடுப்பதும் மாநிலங்களின் விருப்பம். அட்லாண்டிக் வரிமீன் பாதுகாப்புச் சட்டம் 1984 அக்டோபரில் நிறைவேறி இந்நிலையை மாற்றியது. திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தின் கடலில் வரிமீன் பிடிப்பையே நடுவணரசு தடை செய்யலாம் என்பது அதன் அடிப்படை.

மேரிலாந்து ஆளுநர் ஹாரி ஹியூஸ் அறிவித்த முழுத் தடை 1985 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டெலவேரும் அவ்வழி நின்றது. வர்ஜீனியா 1989இல் தடைவிதித்தது. அதே 1985இல் ஆணையம் வகுத்த விதி எளிமையும் ஆழமும் உடையது: 1982இல் பிறந்த பெண்மீன்களுள் 100க்கு 95 ஒரு முறையேனும் முட்டையிட வாய்ப்புப் பெறும்வரை அவற்றைக் காத்தல் வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வழக்கை விடுத்து, மீனின் இனப்பெருக்கத்தையே அளவுகோலாகக் கொண்டமை இதன் சிறப்பு. இதற்கான விலையை விரிகுடாவின் மீனவக் குடும்பங்கள் ஐந்து ஆண்டுகள் செலுத்தின என்பதும் மறக்கத்தக்கதன்று.

மூன்றாண்டுச் சராசரிக் குறியெண் 8ஐத் தாண்டினால் மீன்பிடிப்பைத் திறக்கலாம் என முடிவாகியிருந்தது. 1989இல் குறியெண் 25 அளவுக்கு உயர்ந்ததால் சராசரியும் உயர்ந்தது. ஓராண்டு மிகுதியை நம்பலாமா என்னும் ஐயத்திற்கிடையே 1990இல் கட்டுப்பாடுகளுடன் பிடிப்பு தொடங்கியது. 1995இல் இனம் மீண்டதாக ஆணையம் அறிவித்தது. இவ்வெற்றியே 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழியாகப் பிற கரையோர மீன்களுக்கும் இம்முறை விரிவுபெற வழிவகுத்தது.

மீட்சிக்குப் பின்

ஆயினும் 2019இல் வெளியான மதிப்பீடு, இனம் மீண்டும் மிகைப் பிடிப்பால் குன்றியதைக் காட்டியது. 2017ஆம் ஆண்டு இழப்பில், எண்ணிக்கை அளவில், ஏறத்தாழ 100க்கு 90 பங்கு தூண்டில்காரர்களால் நேர்ந்தது. அதிலும், அவர்கள் வீட்டிற்குக் கொண்டு சென்றவற்றைவிடப் பிடித்து நீரில் விட்டபின் இறந்தவையே மிகுதி. விடப்பட்ட மீன்களுள் 100க்கு 9 இறக்கும் என்பது கணக்கீட்டுக்குரிய அளவு. விடப்படுவன பல லட்சமாகும்போது இச்சிறு விகிதமும் பேரிழப்பாகிறது. வலைஞரைக் குறைகூறிய தூண்டில்காரர் தம் பங்கையும் எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று.

2020இல் கடற்கரைத் தூண்டில்காரர் 28 அங்குலம் முதல் 35 அங்குலத்திற்கு உட்பட்ட ஒரு மீனை மட்டுமே ஒரு நாளில் கொள்ளலாம் என வரையறுக்கப்பட்டது. 2021 முதல் இரையிட்டுப் பிடிப்போர் வட்டமுள்ளைப் பயன்படுத்துதல் கட்டாயமாயிற்று. அது குடலில் இறங்காது பெரும்பாலும் வாயோரத்தில் தைப்பது. 2015இல் பிறந்த மீன்களைக் காக்க, 2023இல் மேலளவு 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் மேரிலாந்துக் குஞ்சுக் குறியெண் 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுகளும் நெடுங்காலச் சராசரிக்கு மிகக் கீழேயே நின்றது. பிடிப்பைக் குறைத்தால் முட்டையிடும் தாய்மீன் மிஞ்சும். குஞ்சு பிழைப்பதோ ஆற்றின் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்தது.

முடிவுரை

மாநிலங்கள் தனித்தனியே இயற்றிய சட்டங்களால் காக்கப்படாத மீன், அவை ஒன்றுபட்டபோது பத்தாண்டுகளில் மீண்டது. ஆனால் மீட்சி நிலையான உடைமையன்று. பகைமை பாராட்டிய வலைஞரும் தூண்டில்காரரும் ஒரே மீனையே குறைக்கின்றனர் என்பதை 1985ஆம் ஆண்டுத் தடையும் 2019ஆம் ஆண்டு மதிப்பீடும் ஒருங்கே உணர்த்துகின்றன. தாய்மீன் ஒரு முறையேனும் முட்டையிடட்டும் என்ற விதி இன்றும் பொருந்துவதே. அம்முட்டை பிழைக்கத்தக்க ஆற்றைப் பேணுதலும் அவ்விதியுடன் சேர்த்து எண்ணத்தக்கது.